நேச எண்களும் நிரூபணமும்

220, 284 ஆகிய இரண்டு எண்களுக்கும் அரபுக் கணித நூல்களில் ஓர் அழகிய பெயர் உண்டு: 'அல்-அஃதாதுல் முதஹாப்பா'. ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்பது அதன் பொருள். 220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களுள் 220ஐ மட்டும் நீக்கி ஏனையவற்றைக் கூட்டினால் 284 வரும். 284ஐ வகுக்கும் 1, 2, 4, 71, 142 ஆகியவற்றைக் கூட்டினால் 220 வரும்.

இந்த ஜோடியைக் கிரேக்கர்களும் அறிந்திருந்தனர். அன்பை உண்டாக்கும் தாயத்துகளில் இவ்வெண்கள் இடம்பெற்றதை இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் குறிப்பிடுகிறார். எண்ணின் வியப்பில் மயங்கி நின்றோர் ஒரு சாரார். அவ்வியப்பின் காரணத்தைத் தேடிச் சென்றோர் மறு சாரார். இங்கு நாம் காணவிருப்பது இரண்டாம் சாராரை.

அவர்களுள் முன்னவர் ஸாபித் இப்னு குர்ரா. ஹர்ரானில் பிறந்து, பக்தாதில் பனூ மூஸா சகோதரர்களின் ஆதரவில் உயர்ந்து, 901இல் (ஹிஜ்ரி 288) மறைந்தவர். அவர் முஸ்லிமல்லர், ஸாபிஈ சமயத்தவர். நம் நாகரிகத்தின் பெருமையைப் பேசும்போது இதனையும் மறவாது சொல்வதே நேர்மை.

ஸாபித் நிறுவிய விதி எளிது. 3, 6, 12, 24, 48 என இரட்டித்துச் செல்லும் வரிசையில் அடுத்தடுத்த இரண்டை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் 1ஐக் கழிக்க. இரண்டின் பெருக்கற்பலனிலும் 1ஐக் கழிக்க. கிடைக்கும் மூன்றும் 2 அல்லாத பகா எண்களாயின் நேச ஜோடி உண்டு. 6, 12 என்பவை 5, 11, 71ஐத் தரும். 12இன் மூன்றில் ஒரு பங்கான 4ஆல் 5×11ஐப் பெருக்கினால் 220. 71ஐப் பெருக்கினால் 284. ஆனால் 12, 24 பயன்படா; அவை தரும் 287 என்பது 7×41 ஆகிய பகு எண்.

அடுத்து வரும் 24, 48 தருபவை 23, 47, 1151. இவற்றால் 17296, 18416 என்னும் ஜோடி கிடைக்கிறது. ஆனால் இத்தனை பெரிய பகு எண்ணின் வகுத்திகள் அனைத்தும் நம் கைக்கு வந்துவிட்டன என்பதற்கு என்ன உறுதி? இங்கேதான் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ வருகிறார். தப்ரீஸில் குத்புத்தீன் ஷீராஸியின் மாணவராயிருந்து, வானவில்லின் தோற்றத்தை விளக்கிப் புகழ்பெற்றவர். தமது 'தத்கிரதுல் அஹ்பாப்' நூலில், எந்தப் பகு எண்ணும் எண்ணிக்கைக்குட்பட்ட பகா எண்களாகப் பிரியும் என்பதை முதலில் நிறுவினார். 17296 என்பது 2×2×2×2×23×47. இந்த ஆறு காரணிகளின் சேர்க்கையாக அன்றி வேறு வகுத்தி இருக்க முடியாது. எனவே வகுத்திகள் 20. அவ்வெண்ணை நீக்கி எஞ்சிய 19ஐயும் கூட்டினால் 18416.

ஐரோப்பாவில் இந்த ஜோடியை 1636இல் ஃபெர்மா அறிவித்தார். அவர் பெயரே நிலைத்தது. மராகிஷ் நகரத்து இப்னுல் பன்னாவும் (மறைவு 1321) இதனை அறிந்திருந்தார். 1638இல் டெக்கார்ட் அறிவித்த 9363584, 9437056 என்னும் ஜோடி பாரசீக அறிஞர் முஹம்மத் பாகிர் யஸ்தியின் எழுத்திலும் உண்டு. ஃபாரிஸீயின் ஆக்கத்தை ருஷ்தி ராஷித் 1980களில் ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் ஃபராயிழ் பாடத்தில் தமாஸுல், ததாகுல், தவாஃபுக், தபாயுன் என எண்களுக்கிடையிலான நான்கு உறவுகளைக் கற்கின்றனர். வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தவுடன் அப்பாடம் முடிந்துவிடுகிறது. பொதுக் காரணி தேடும் அதே பயிற்சியிலிருந்து ஃபாரிஸீயின் நிரூபணத்திற்குச் சில படிகளே உள்ளன. நம் ஆசிரியர்கள் அவர்களை அங்கும் அழைத்துச் செல்வார்களாக.