இராயபுரம் முதல் போத்தனூர் வரை

பழவேற்காட்டு ஏரியை அடுத்த காட்டூருக்கு இரயில் கிடையாது. அவ்வட்டாரத்து மீனவச் சிற்றூர் மக்கள் சென்னைப் பட்டினம் செல்ல வேண்டுமாயின் பொன்னேரிக்கு வந்தே வண்டியேற வேண்டும். சென்னையிலிருந்து வடக்கே விசயவாடா நோக்கிச் செல்லும் அந்த இருப்புப்பாதை 1899ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கு முன் இக்கரையோரத்துச் சரக்குகள் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளிலேயே பட்டினம் போய்ச் சேர்ந்தன. இரயில் வந்தது, கால்வாயின் மதிப்பு மெல்லக் குறைந்தது. அக்கால்வாயைக் காக்க முன்வந்தோர் சிலரே. இரயிலின் பழைமைக்கோ உலகெங்கும் காவலர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

வேல்ஸ் நாட்டில், மூடப்படவிருந்த டாலிலின் என்னும் சிறு இருப்புப்பாதையை 1951ஆம் ஆண்டில் தொண்டர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினர். ஊதியம் பெறாதோர் ஒரு இருப்புப்பாதையை அழிவினின்று மீட்டு நடத்தியதில் உலகுக்கே அவர்கள் முன்னோடிகள். நம் நாட்டிலோ இரயில்வே அரசின் உடைமை. தொண்டர்கள் இங்கே வண்டியோட்ட இயலாது. பார்ப்பதும், படமெடுப்பதும், எழுதுவதும், மனுக் கொடுப்பதுமே அவர்களால் ஆவன. அதனையும் சிறிதென்று நாம் கருதவில்லை.

பொன்னேரியிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்வண்டியில் ஏறினால் வழியில் இராயபுரம் நிலையம் வருகிறது. உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்கும் அதன் முகப்பைக் காணாமல் கடந்து போவோரே மிகுதி. 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த நிலையம் அது. ஜூலை முதல் நாளிலிருந்து வாலாஜா ரோடு வரை மக்கள் பயணம் செய்யலாயினர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இடம் இதுவே. 1853இல் பம்பாயிலும் தாணாவிலும் எழுந்த முதல் நிலையங்கள் இன்று இல்லை. இராயபுரத்துக் கட்டடம் நிற்கிறது. 1922 வரை மெட்ராஸ் - தென் மராட்டா இரயில்வேயின் தலைமையகமாக விளங்கிய நிலையம், தலைமையகம் இடம்பெயர்ந்தபின் பொலிவிழந்தது. ஆர்வலர்கள் அதனை மறக்கவில்லை. பழைமையறிந்தோர் இடையறாது எழுதினர். 2005ஆம் ஆண்டில் கட்டடம் செப்பனிடப்பட்டது. 2004 முதல் ஆகஸ்டுத் திங்களில் மெட்ராஸ் தினம் கொண்டாடப்படுகிறது. அதனையொட்டிப் பழைய இடங்களைக் காண நடந்து செல்வோர் இராயபுரத்துக்கும் வருகிறார்கள். தூணின் அழகையும் திறப்பு விழாவின் ஆடம்பரத்தையும் ஒருவர் விளக்க, ஏனையோர் கேட்டு நிற்கின்றனர்.

நல்ல பணிதான். ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. தூணைப் பற்றிக் கேட்கிறோம்; அத்தூணருகே மீன்கூடையை இறக்கி வைத்தவளைப் பற்றிக் கேட்பதில்லை. ஆளுநரின் வண்டி நினைவிருக்கிறது; மூன்றாம் வகுப்பில் நெருக்குண்டு சென்றவர் நினைவில் இல்லை. இருப்புப்பாதை எவரெவரை எங்கே கொண்டு சென்றது என்பதும் அதன் வரலாறே அன்றோ?

இராயபுரத்தில் தொடங்கிய அப்பாதை வாலாஜாவோடு நிற்கவில்லை. அரக்கோணம், சேலம் வழியே போத்தனூரைக் கடந்து 1862ஆம் ஆண்டில் மேற்குக் கடற்கரையை எட்டியது. பழைய நிலையங்களைத் தேடிச் செல்வோர் போத்தனூரையும் விரும்பிக் காண்கின்றனர். அங்கே 1862 என்னும் ஆண்டு பெருமையோடு சொல்லப்படுகிறது. 1921 என்னும் ஆண்டையும் சொல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

அவ்வாண்டு நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் சிறைப்பட்ட ஏறத்தாழ நூறு பேரைத் திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்துப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினர் ஆங்கிலேயர். மிகப் பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். இந்துக்களும் சிலர் இருந்தனர். வழியெல்லாம் கதவு திறக்கப்படவில்லை. போத்தனூரில் திறந்தபோது மூச்சுத்திணறி மாண்டோர் கிடந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து எழுபது பேர் என்பது இன்று வழங்கும் கணக்கு. விசாரணைக் குழு அமைந்தது. தண்டனை பெற்றவர் என்று எவருமில்லை.

திரூர் மக்கள் தம் நகராட்சி மண்டபத்துக்கு அந்நிகழ்ச்சியின் பெயரையே சூட்டினர். ஆனால் 2018ஆம் ஆண்டு நவம்பரில், திரூர் இரயில் நிலையத்தை அழகுபடுத்துகையில் சுவரில் தீட்டப்பட்ட அந்தப் பெட்டியின் ஓவியம், எதிர்ப்பு எழுந்ததும் அழிக்கப்பட்டது. கல்லும் தூணும் காக்கப்படும் நாளில் இதுவும் நிகழ்ந்தது. சண்டைக்கு இழுக்க இதனை நாம் எழுதவில்லை. இரயில் பழைமையைப் போற்றும் தொண்டர்கள் எவர் பக்கமும் சாராதவர்கள். அதனாலேயே இதனை அவர்களிடம் கேட்கிறோம். இராயபுரத்தில் திறப்பு விழாவைச் சொல்லும் அதே குரலில், போத்தனூர் நடைமேடையில் அந்தக் கதவு திறந்ததையும் சொல்லட்டும்.

போத்தனூரிலிருந்து ஜனாஸாக்கள் வந்த பாதையிலேயே திரூருக்குத் திருப்பியனுப்பப்பட்டன. அவற்றுள் பல, கோரங்கத்துப் பள்ளிவாசலின் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டன.