யாரக் கேட்டு மலை ஏறினீங்க? கொடைக்கானல் பாதையும் பேர் தெரியாத வழிகாட்டிகளும்

போன மாசம் ஆபீஸ்ல ஒரு பேச்சு வந்தது. டீம்ல எட்டுப் பேர், ஒரு சனி ஞாயிறு மலையேறப் போகணும். "நீ வத்தலக்குண்டுக்காரன்தானே, கொடைக்கானல் உங்க ஊருக்கு மேலதானே இருக்கு, நீயே பிளான் போடு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. நானும் வழக்கம்போல எக்செல் ஷீட்டைத் திறந்தேன். தேதி, பஸ், தங்குமிடம், ஆளுக்கு எவ்வளவு செலவு. அதுல "கைடு"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன். தண்ணி பாட்டிலுக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் நடுவுல. அதைப் பார்த்ததும் எனக்கு 2018 ஞாபகம் வந்துடுச்சு. இந்த எபிசோட் அந்த ஒரு வரியைப் பத்தினதுதான்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். வத்தலக்குண்டு கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,100 மீட்டர். எங்க ஊர்ல நின்னு பார்த்தா பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி நிக்கும். இன்னிக்கு அந்தச் சுவர்ல பஸ் ஏறுது. ஆனா நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அது நடந்து ஏறின மலை. எழுத்துல பதிவான முதல் ஏற்றத்துக்குத் தேதியே இருக்கு: 1821 மே 25. லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்கிற நில அளவையாளர், வெள்ளகவி கிராமத்துல இருந்து கிளம்பி இன்னிக்குக் கொடைக்கானல் இருக்கிற மேட்டுக்கு வந்தார்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அவர் கிளம்பின இடம் ஒரு கிராமம். அதாவது அங்க ஏற்கெனவே ஆள் இருந்தாங்க. குன்னுவர் மக்கள் அந்தச் சரிவுல விவசாயம் பார்த்தாங்க. காட்டுக்குள்ள பளியர்கள் தேன் எடுத்தாங்க, கிழங்கு தோண்டினாங்க. எந்த ஓடையில எந்த மாசம் தண்ணி இருக்கும், யானை எந்தப் பக்கம் இறங்கும்னு தெரிஞ்சவங்க அவங்கதான். வார்டு தனியா ஏறியிருக்க முடியாது. யாரோ முன்னாடி நடந்திருக்காங்க. அவர் பேர், பதவி, தேதி எல்லாம் வரலாற்றுல இருக்கு. முன்னாடி நடந்தவர் பேரை நான் படிச்ச எதுலயும் பார்க்கல.

அடுத்து வந்தவங்க அமெரிக்க மதுரை மிஷன்காரங்க. சமவெளியில காலராவும் காய்ச்சலும் அவங்க குடும்பங்கள்ல பல பேரை வாங்கிடுச்சு. குளிர்ச்சியான இடம் தேடி முதல்ல திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்குத்தான் போனாங்க. அங்கயும் மலேரியா விடல. அதனால இன்னும் உயரமான இடம் தேடி 1845-ல கொடைக்கானல்ல ரெண்டு பங்களா கட்டினாங்க. மலைவாசஸ்தலத்தோட தொடக்கம் அதுதான்.

சரி, ரோடே இல்லாத மலைக்கு வீடு கட்டுற சாமான் எப்படிப் போச்சு? பெரியகுளம் பக்கம் அடிவாரத்துல கிருஷ்ணம நாயக்கன் தோப்புன்னு ஒரு இடம். 1875-ல அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்த பிறகும் இதே கதைதான். இன்னிக்கு நாம கொடைக்கானல் ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன் அது. அங்க இறங்கி, மாட்டு வண்டியில தோப்பு வரைக்கும் வந்து, வெயிலுக்கு முன்னாடி மலை ஏற ஆரம்பிப்பாங்க. முடிஞ்சவங்க நடந்தோ குதிரையிலயோ போனாங்க. மத்தவங்களை நாற்காலியிலயும் டோலியிலயும் வச்சு ஆள்கள் தூக்கிட்டுப் போனாங்க. பெட்டி, படுக்கை, மாவு மூட்டை எல்லாம் மனுஷங்க தலையிலயும் பொதிமாட்டு முதுகிலயும்தான்.

அந்தப் பாதைக்கு இங்கிலீஷ்காரங்க வச்ச பேரு "கூலி காட்". கூலிக்காரங்க ஏறுற மலைப்பாதைன்னு அர்த்தம். அவங்க செஞ்ச வேலை பாதைக்குப் பேரா நிக்குது. அந்த ஆள்கள்ல ஒருத்தர் பேராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

எங்க ஊர் இந்தக் கதைக்குள்ள வர்றது அப்புறம்தான். மேஜர் லா என்கிற பொறியாளர் 1870-கள்ல வத்தலக்குண்டு பக்கத்துல இருந்து வண்டி போற மாதிரி ஒரு மலைரோடு போட ஆரம்பிச்சார். அது பாதியில நின்னு, ரொம்ப வருஷம் இழுத்து, 1914-ல முடிஞ்சு, 1916-ல பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. "லா காட் ரோடு"ன்னு இன்னமும் சொல்றாங்க பாருங்க, அந்த 'லா' சட்டம் இல்ல, இந்த மேஜர்தான். மோட்டார் வந்ததும் டோலி தூக்கினவங்களுக்கு வேலை போச்சு. கூலிப் பாதை காடாச்சு. ஆனா வெள்ளகவிக்கு ரொம்ப காலம் ரோடு வரல. 1821-ல நடந்து கிளம்பின ஊருக்கு 2018-லயும் நாங்க நடந்துதான் போனோம். ஊருக்குள்ள எங்க பார்த்தாலும் கோயில். அதனால அங்க செருப்புப் போட்டு நடக்கிறதில்ல.

இப்ப என் கதைக்கு வர்றேன். 2018 ஜனவரி, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பொங்கல் லீவுல நாங்க அஞ்சு பேர் வட்டக்கானல்ல இருந்து கும்பக்கரைக்கு இறங்கிடலாம்னு கிளம்பினோம். அனுமதி வாங்கணும்னு தோணக்கூட இல்ல. கைடு இல்ல. போன்ல ஒரு மேப், ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் பாக்கெட். வெள்ளகவியைத் தாண்டினதும் ஒரு இடத்துல பாதை ரெண்டாப் பிரிஞ்சது. அகலமா இருந்ததைப் பிடிச்சோம். அது மாட்டுத்தடம். முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு பாறை விளிம்புல போய் நின்னுச்சு. சிக்னல் இல்ல. மணி மூணரை. எங்கள்ல ஒருத்தனுக்குக் கால் பிசகிடுச்சு.

நாங்க கத்தினதைக் கேட்டு, குதிரையில சாமான் ஏத்திட்டு வந்த ஒரு பெரியவர் மேல்வழியில இருந்து இறங்கி வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏப்பா, யாரக் கேட்டுப்பா இந்தப் பக்கம் எறங்குனீங்க?" எங்ககிட்ட பதில் இல்ல. சரியான பாதைக்குக் கூட்டிட்டு வந்து, அடிவாரம் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் கூடவே நடந்தார். பணம் குடுத்தோம், வாங்கல. இதுல என்ன வெட்கம் தெரியுமா? நாங்க அஞ்சு பேரும் அவர் பேரைக் கேட்கல. வரலாற்றுல பேர் எழுதலைன்னு இப்ப மைக் முன்னாடி உட்கார்ந்து பேசறேன். நான் செஞ்சதும் அதேதான்.

ரெண்டு மாசம்கூட ஆகல. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையில இருந்து இறங்கிட்டிருந்த ரெண்டு குழுக்களைக் காட்டுத்தீ பிடிச்சது. ஒரு குழு சென்னையில இருந்து வந்தது, இன்னொண்ணு ஈரோடு, திருப்பூர் பக்கம். சென்னைக் குழுவுல நிறையப் பேர் ஐ.டி. வேலையில இருந்தவங்க. மொத்தம் 23 பேர் இறந்துபோனாங்க. அவங்க இறங்கின வழிக்கு அனுமதி இல்லன்னு அரசு சொன்னது. தீன்னு தெரிஞ்சதும் முதல்ல மேல ஓடினவங்க அந்தப் பகுதி மக்கள்தான். காயம்பட்டவங்களைப் போர்வையில கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. டோலி தூக்கின மலையில திரும்பவும் டோலி.

இத்தனைக்கும் குரங்கணி ஆள் நடமாட்டம் இல்லாத காடு கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னாடி மூணாறு டீ வெளியே போன வழியே அதுதான். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்ல டாப் ஸ்டேஷன் வரைக்கும் டீப் பெட்டி வரும். அங்க இருந்து கயிற்றுப்பாதையில கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடிநாயக்கனூர் வழியா தூத்துக்குடி துறைமுகம். 1924 வெள்ளத்துல அந்த ரயில் அடிச்சுட்டுப் போயிடுச்சு. ஆனாலும் தோட்டத் தொழிலாளிகள் அந்தச் சரிவுகள்ல நடந்துட்டேதான் இருந்தாங்க. மார்ச்ல அந்தப் புல் எப்படிக் காஞ்சு கிடக்கும்னு அவங்களுக்குத் தெரியும். மலைத்தீ மேல்நோக்கித்தான் வேகமா ஓடும். கீழ எரியறப்போ எழும்புற சூடு மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவச்சிடும். எந்தப் பாறையில ஒதுங்கலாம், ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச தரை எந்தப் பக்கம் இருக்குங்கிறது அந்தச் சரிவுல வளர்ந்தவங்களுக்குத்தான் சட்டுனு தெரியும். போன் மேப்ல அது வராது. எங்க அஞ்சு பேருக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னிக்கு ஜனவரி, புல் பச்சையா இருந்தது. நாங்க தப்பிச்சதுக்கு அவ்வளவுதான் காரணம்.

அந்த விபத்துக்கு அப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது. 2024 அக்டோபர்ல வனத்துறை சார்புல "ட்ரெக் தமிழ்நாடு" தொடங்கினாங்க. 40 வழிகள். ஆன்லைன்ல பதிவு பண்ணணும், பயிற்சி எடுத்த வழிகாட்டியோடதான் போகணும். பழங்குடி மக்களையும் காட்டை ஒட்டின ஊர்க்காரங்களையும்தான் வழிகாட்டிகளா எடுக்கறாங்க. என்னைக் கேட்டா, இந்தத் திட்டத்துல பெரிய விஷயம் ஆன்லைன் பதிவு இல்ல. 1821-ல இருந்து முன்னாடி நடந்தவங்களுக்கு இப்பத்தான் ஒரு அடையாள அட்டையும் சம்பளமும் கிடைக்குது. அது போதுமா, வருஷம் முழுக்க வேலை இருக்குமான்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. தீக்காலத்துல வழிகளை மூடிடுவாங்க, மூடத்தான் வேணும். அந்த மாசங்கள்ல அவங்க வீட்டுல உலை கொதிக்கணுமே.

சரி, என் எக்செல் ஷீட். திரும்ப எழுதிட்டேன். முதல் வரி: யார் கூட்டிட்டுப் போறாங்க. வழி திறந்திருக்கா, எந்த மாசம், எத்தனை பேருன்னு மத்ததெல்லாம் அதுக்குக் கீழதான். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூணையும் அடிச்சுட்டேன். டீம்கிட்ட ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: வழிகாட்டி "திரும்பலாம்"னு சொன்னா திரும்பிடணும். மேல சூரிய உதயம் இருக்கு, போட்டோ எடுக்கணும்னு யாரும் வாதாடக் கூடாது. ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. பரவாயில்ல, ஆறு பேரா போறோம்.

கடைசியா உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். பெரியகுளம், கும்பக்கரை, அடுக்கம், வத்தலக்குண்டு பக்கம் இதைக் கேட்டுட்டிருக்கிறவங்க வீட்டுல பெரியவங்ககிட்ட விசாரிங்க. தாத்தாவுக்குத் தாத்தா யாராவது கொடைக்கானலுக்கு டோலி தூக்கினாரா, மூட்டை சுமந்தாரா? பேர் ஞாபகம் இருந்தா எனக்கு அனுப்புங்க. ஒரு எபிசோட் முழுக்க அந்தப் பேர்களை மட்டும் வாசிக்கறேன். வெள்ளகவியில இருந்து யாராவது கேட்டீங்கன்னா, 2018 பொங்கலுக்கு அஞ்சு பசங்களைப் பாறை விளிம்புல இருந்து கூட்டிட்டு வந்த குதிரைக்காரப் பெரியவர்கிட்ட சொல்லுங்க. இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் வர்றோம்.