ஒளிமின் பெருக்கிக் குழாயில் இரைச்சல்

ஒளிமின் பெருக்கிக் குழாயில் இரைச்சல் என்பது, மங்கலான ஒளியை அளக்கும் வெற்றிடக் குழாய்க் கருவியின் வெளியீட்டில் கலந்துவிடும் வேண்டாத மின் ஏற்ற இறக்கங்களைக் குறிக்கும். வால்வு வானொலியிலும் கிதார் மிகைப்பியிலும் கேட்கும் சீறல், உறுமல் ஆகியவற்றின் காரணங்கள் பலவும் இதற்குப் பொருந்தும். தமிழ்நாட்டின் சவ்வாது மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் விண்மீன்களின் ஒளியை அளக்க இக்குழாய்கள் பயன்பட்டன.

செயற்பாடு

ஒளித்துகள் எதிர்மின்வாயில் பட்டு ஓர் எதிர்மின்னியை வெளியேற்றும். சுமார் 1000 வோல்ட்டு மின்னழுத்தம் பகிர்ந்தளிக்கப்பட்ட டைனோடு எனும் மின்முனைகளில் அது அடுத்தடுத்து மோதிப் பெருகும். முடிவில் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு பெருக்கம் கிடைக்கும். தொடக்கத்தில் நுழையும் பிழையும் அவ்வாறே பெருகும்.

இரைச்சலின் வகைகள்

* ஒளித்துகள் இரைச்சல்: 10,000 துகள்களை எண்ணினால் ஏறத்தாழ 100, அதாவது 1 விழுக்காடு, மாறுபாடு இருக்கும். இது பழுதன்று; நீக்கவும் இயலாது.
* இருள் மின்னோட்டம்: ஒளி இல்லாதபோதும் வெப்பத்தால் எதிர்மின்னிகள் வெளியேறுவது. உலர்பனி கொண்டு குழாயைக் குளிர்விப்பதால் பெரிதும் குறையும்.
* மின்கசிவு: குளிர்ந்த குழாயின் அடிப்பகுதியில் ஈரம் படிவதால் ஏற்படுவது.
* உறுமல்: 50 அல்லது 100 எர்ட்சு அதிர்வெண் கொண்டது. மின்வழங்கியின் வடிகட்டிக் குறைபாட்டாலும், புவி இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தரப்படுவதாலும் தோன்றும்.
* அலைவு: மிகைப்பியின் வெளியீட்டில் ஒரு பகுதி உள்ளீட்டுக்குத் திரும்புவதால் எழுவது. இரு கம்பிகளையும் விலக்கி, உள்ளீட்டுக் கம்பியைக் குறுக்கி உலோக உறையிட்டால் பெரும்பாலும் நிற்கும்.

பழுது கண்டறிதல்

1. ஒளி நுழையும் வாயிலை மூடி அளக்க வேண்டும். ஏற்ற இறக்கம் நின்றால் காரணம் மேகமாகவோ, துளையிலிருந்து விண்மீன் விலகியதாகவோ இருக்கலாம்.
2. தொடர்ந்தால், உயர் மின்னழுத்தத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். இரைச்சல் மறைந்தால் குழாயையோ அதன் மின்வழங்கியையோ ஆராய வேண்டும்.
3. மறையாவிட்டால், மிகைப்பியின் உள்ளீட்டைக் கழற்ற வேண்டும். அப்போதும் நீடித்தால் பழுது மிகைப்பியிலோ அதற்குப் பின்னுள்ள பகுதியிலோ உள்ளது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மின்னழுத்தம் உள்ளபோது பகலொளி பட்டால் குழாய் பாழாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கும்.

1977 பதிவு

1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வு, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி வழியாக நோக்கப்பட்டது. விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்தது பதிவாகியது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை யுரேனசின் புதிய துணைக்கோளால் நேர்ந்ததாகக் கருதி நேச்சர் இதழில் வெளியிட்டனர். அதே நிகழ்வை வானூர்தியிலிருந்து நோக்கிய சேம்சு எலியட் குழுவினர், கோளின் இருபுறமும் இணையான ஒளிக்குறைவுகளைக் கண்டு வளையங்கள் இருப்பதை உணர்த்தினர். கருவியின் இரைச்சலை நீக்கினால் பதிவை நம்பலாம். அதன் பொருளை உறுதிசெய்யப் பிற இடங்களின் பதிவுகளும் தேவை என்பதற்கு இது சான்றாகும்.

பிற்காலம்

பின்னர் வானியல் அளவீடுகளில் இக்குழாய்களின் இடத்தைப் பெரும்பாலும் சி.சி.டி. ஒளிப்படக் கருவிகள் பெற்றன. இருள் மின்னோட்டத்தைக் குறைக்க அவற்றையும் குளிர்விக்கின்றனர்.