பிரியாவிடை பெறாதவர்கள்

நியூயோர்க்கில் 1807இல் பிறந்த எலிசா அக்னியூ என்னும் பெண்மணி, அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராக 1840இல் யாழ்ப்பாணம் வந்தார். 1824இல் தொடங்கப்பெற்ற உடுவில் மகளிர் பாடசாலையில் 1879 வரை பணியாற்றினார். தாம் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளைகளையும் படிப்பித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் கற்றபடியால் ஆயிரம் புதல்வியரின் தாய் என அவரை அழைத்தார்கள். இடையில் ஒருதடவைதானும் அவர் தமது நாட்டுக்குப் போகவில்லை. ஓய்வுபெற்ற பின்னரும் கப்பலேறவில்லை. அயலூரான மானிப்பாயில் தங்கி, 1883இல் அங்கேயே காலமானார்.

ஏறக்குறைய நாற்பது வருடம், ஒரே பாடசாலை. எங்களூர்ப் பாடசாலைகளில் பிரியாவிடை வைபவம் அத்தனை பெரிய காரியமாக இருந்ததற்கு இப்படியான நெடுங்காலச் சேவைதான் காரணம் என்று நினைக்கிறோம். வந்து மூன்று வருடத்தில் போகிறவருக்கு ஒரு தேநீர் உபசாரம் போதும். ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவித்தவர் போகும்போது ஊரே வரும். மாலை, பொன்னாடை, கண்ணாடிச் சட்டத்துள் வாழ்த்துப்பா, கடைசியில் ஒரு குழுப்படம். சில இடங்களில் சேவைநலன் பாராட்டு மலரும் வெளிவரும். அந்த மலரில் பழைய மாணவர் எழுதும் கட்டுரைகளிலேதான் எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, எந்த வருடம் யார் சித்தியெய்தினார் என்கிற விபரமெல்லாம் பதிவாகும். பாடசாலை தன் சரித்திரத்தைத் தானே எழுதிக்கொண்ட நாள் அது.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி போன்ற சில, தனியார் பாடசாலைகளாகவே நின்றன. ஏனையவற்றின் ஆசிரியர்கள் அரச ஊழியராயினர்.  கூடவே இடமாற்றமும் வந்தது. ஒரே பாடசாலையில் சேர்ந்து அங்கேயே ஓய்வுபெறுவது அருகிற்று. அதிபர்கள் மாறினார்கள், ஆசிரியர்கள் மாறினார்கள். எங்களுக்குத் தெரிந்த பாடசாலைகளில் மாறாதிருந்தவர் பெரும்பாலும் மணியடிக்கிறவர்தான். எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எந்தத் திறப்பு எந்தக் கதவுக்கு என்பது அவருக்கே தெரியும். குழுப்படத்தில் அவர் ஓரத்தில் நிற்பார். கீழே அச்சிட்ட பெயர்களில் அவருடையது சிலவேளை இருக்கும், சிலவேளை இராது.

பிறகு 1995 ஒக்டோபர் 30 வந்தது. வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் நாங்கள் சிறு வகுப்புப் பிள்ளைகள். இடம்பெயர்ந்த பாடசாலைகள் வேறு பாடசாலைகளின் கட்டடங்களில் பின்னேரங்களில் இயங்கின. 1996இல் சனம் திரும்பியபோது பலர் திரும்பவில்லை. வன்னிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், பிள்ளைகள் கூப்பிட வெளிநாடு வந்தவர்கள். அவர்களுக்குள், ஓய்வுபெற வேண்டிய வயது அந்த மாதங்களிலேயே வந்தவர்களும் இருந்தார்கள். வரவுப் பதிவேட்டில் அதிபர் சிவப்புக் கோடு கீறுமுன் முப்பது வருடமாகக் கையொப்பமிட்டவர்கள், எது கடைசிக் கையொப்பம் என்று அறியாமலே போனார்கள். அவர்களுக்கு வைபவம் நடக்கவில்லை, மலரும் வரவில்லை. ஆகவே அவர்களோடு சேர்ந்து எழுதப்பட்டிருக்க வேண்டிய பாடசாலைச் சரித்திரமும் எழுதப்படவில்லை. அக்னியூ அம்மையாரைப் பற்றி இன்று இவ்வளவு சொல்ல முடிகிறதென்றால், மிஷன் அறிக்கைகளைப் பேணி வைத்ததனால்தான்.

பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்து ரெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்கிற எங்களுக்கு இது நன்றாக விளங்குகிறது. பத்து வருடம் கோப்பை கழுவிய ஒருவர் ஒருநாள் வராமல் விட்டால், மறுநாள் அவருடைய ஏப்ரனை இன்னொருவர் கட்டிக்கொள்கிறார். அவர் பெயரை முதலாளி சரியாக உச்சரித்ததுகூட இல்லை. பெயர் தெரியாமல் ஒரு மனிதன் வேலையை விட்டுப் போவது எப்படியென்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு மணியடித்தவரும் அப்படிப் போகக்கூடாது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பழைய மாணவர் சங்கங்கள் வருடந்தோறும் இராப்போசன விருந்து வைக்கின்றன. முன்னாள் அதிபர்களுக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. நல்ல காரியம். அதே மண்டபத்தில் ஒரு கொப்பியையும் வைக்கலாம். 1990க்கும் 2009க்கும் இடையில் விடைபெறாமல் போன ஆசிரியர், எழுதுவினைஞர், ஆய்வுகூட உதவியாளர், காவலாளி, கூட்டித் துடைத்தவர் ஆகியோரின் பெயரை, தெரிந்தவர்கள் தெரிந்த அளவுக்கு அதில் எழுதலாம். எத்தனை வருடம் வேலை செய்தார், எங்கே இடம்பெயர்ந்தார், பிள்ளைகள் எங்கே என்ற மூன்று வரி போதும். 1995இல் அறுபது வயதானவருக்கு இப்போது தொண்ணூறாகிறது. அவர்களிற் சிலர் எங்கள் தொடர்மாடிகளிலேயே, பேரப்பிள்ளைகளின் அறைகளில், கதைக்க ஆளில்லாமல் இருக்கிறார்கள். அடுத்த விருந்துக்குக் காத்திராமல் இந்த ஞாயிறே போய்க் கேட்கலாம்.