நிக்கல் இல்லாத ‘நிக்கல்’: போர் நேரத்தில் காசு மெஷின்கள் தப்பிச்ச கதை!

ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் ஞாபகம் இருக்கா? கலர் பல்பு மின்னும், காசைப் போட்டா ‘டக்’குனு ஒரு குட்டி அட்டை விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். உள்ளே விழுந்தது நல்ல காசா, செல்லாக் காசான்னு இந்த மாதிரி மெஷினுக்கு எப்படித் தெரியும்? க்யூஆர் கோடு காலத்துல இதெல்லாம் ஒரு கேள்வியானு தோணலாம். ஆனா, இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க அரசாங்கமே மண்டையைப் பிய்ச்சுக்கிட்ட கேள்வி இது.

அப்போ அமெரிக்காவுல ஜூக்பாக்ஸ்ல பாட்டுக் கேட்க, பின்பால் ஆட, கோலா குடிக்க எல்லாத்துக்கும் பொதுவான காசு 5 சென்ட். செல்லப் பெயர் ‘நிக்கல்’. இந்த மெஷின் தொழிலோட தலைநகரம் சிகாகோ. காட்லீப், பாலி, ராக்-ஓலா, சீபர்க்னு பெரிய கம்பெனிகள் பலவும் அங்கேதான். ஜூக்பாக்ஸ் ஜாம்பவான் வுர்லிட்சர் மட்டும் நியூயார்க் மாநிலத்துல இருந்தது.

1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர் தாக்குதல். அமெரிக்கா போருக்குள்ள இறங்குது. இரும்பு, செம்பு, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாமே ராணுவத்துக்குத்தான் முதல்ல. அடுத்த சில மாதங்கள்ல, புது ஜூக்பாக்ஸோ, பின்பாலோ தயாரிக்கக் கூடாதுனு போர் உற்பத்தி வாரியம் உத்தரவு போட்டுருச்சு.

தொழிற்சாலைகள் ஆயுதப் பக்கம் திரும்பின. ராக்-ஓலா, ‘எம்1 கார்பைன்’ துப்பாக்கி தயாரிச்சது. மொத்தம் 2,28,500. (‘ராக்’ மியூசிக்குக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை. முதலாளி பேரே டேவிட் ராக்கோலா!) 60 லட்சத்துக்கும் மேல தயாரான கார்பைன்கள்ல இது சின்னப் பங்குதான். ஆனா ஜூக்பாக்ஸ் கம்பெனி பேர் பொறிச்ச துப்பாக்கினு சேகரிப்பாளர்கள்கிட்ட இன்னிக்கும் தனி மவுசு.

பழசுக்குப் புதுச் சட்டை

புது மெஷின் கிடையாது. ஆனா போர்த் தொழிற்சாலைகள்ல வேலை செய்றவங்க கையில சம்பளக் காசு புழங்குது. என்ன செய்றது? பழைய பின்பால் மெஷினைப் பிரிச்சு, புதுப் படம் வரைஞ்ச கண்ணாடி, புதுப் பலகை மாட்டி, புதுப் பேர் வெச்சாங்க. 1942-ல் ஆரம்பிச்ச யுனைடெட், 1943-ல் ஹாரி வில்லியம்ஸ் தொடங்கின வில்லியம்ஸ், ரெண்டும் இப்படிப்பட்ட மாற்று வேலையில வளர்ந்த கம்பெனிகள்தான். துப்பாக்கி சுடும் மெஷின்கள்ல பழைய பொம்மைகள் போய், ஹிட்லரும் ஜப்பானியர்களும் குறியானாங்க. ஜப்பானியர்களை வரைஞ்ச விதம் இன்னிக்குப் பார்த்தா முகம் சுளிக்க வைக்கும்.

நியூயார்க்ல பின்பாலுக்கு இந்த வாழ்வும் இல்லை. அது சூதாட்டம், பள்ளிக்கூடப் பசங்க பாக்கெட்டைக் காலி பண்ணுதுனு மேயர் லகார்டியா 1942 ஜனவரியில தடை வாங்கிட்டார். அவரே சம்மட்டியால மெஷினை உடைக்கிற படங்கள் பிரபலம். அந்த உலோகமும் போருக்குத் தேவைனு சொன்னாங்க. பந்தைத் தட்டுற ‘ஃபிளிப்பர்’ வந்ததே 1947-லதான். அதுக்கு முன்னாடி பந்தை விட்டுட்டு, மெஷினை லேசா ஆட்டிப் பார்க்கறதைத் தவிர பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. அதனால மேயர் சொன்னதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு!

ஜூக்பாக்ஸுக்கு வந்த தலைவலி வேற மாதிரி. இசைத்தட்டு செய்ய அரக்கு வேணும். அது போனது நம்ம நாட்டுல இருந்து, முக்கியமா சோட்டா நாக்பூர் காடுகள்ல இருந்து. போர்ல கப்பல் போக்குவரத்து சிக்கலாச்சு. ராணுவத்துக்கும் அரக்கு தேவைப்பட்டது. 1942 ஏப்ரல்ல இசைத்தட்டுக்கான அரக்கைக் கடுமையாக் குறைச்சாங்க. அது போதாதுனு, ஜூக்பாக்ஸ் வந்து எங்க பிழைப்பு போச்சுனு இசைக்கலைஞர்கள் சங்கம் ஆகஸ்ட்ல ரெக்கார்டிங்கையே நிறுத்திருச்சு. பெரிய கம்பெனிகள்ல ரெண்டு, 1944 நவம்பர்லதான் இறங்கி வந்தன.

காசையே மாத்தணும்!

நிக்கல் உலோகம் கவச எஃகுக்குத் தேவை. 5 சென்ட் காசுல கால்வாசி நிக்கல், மீதி செம்பு. அதனால காசுல இருந்து நிக்கலை எடுக்க முடிவாச்சு. அங்கேதான் சிக்கல்.

காசு மெஷினுக்குள்ள ஒரு குட்டி செக்போஸ்ட் உண்டு. அளவு, எடை பார்க்கும். பக்கத்துல ஒரு காந்தம் இருக்கும். இரும்புச் சில்லு போட்டா ஒட்டிக்கும். மத்த உலோகம்னா, மின்சாரம் கடத்துற தன்மைக்கு ஏத்த மாதிரி காந்தத்தைத் தாண்டும்போது வேகம் குறையும். வேகம் மாறினா காசு வேற பாதையில விழுந்து வெளியே வந்துரும். கண்டபடி கலவையை மாத்தினா, நாடு முழுக்க இருக்கிற மெஷின்கள் அரசாங்கத்தோட காசையே கள்ளக்காசுனு துப்பிடும்!

அதனால மெஷின்கள் ஏத்துக்கற மாதிரி ஒரு கலவையைத் தேடினாங்க. 56% செம்பு, 35% வெள்ளி, 9% மாங்கனீஸ். 1942 அக்டோபர்ல இருந்து 1945 வரைக்கும் இதுதான் ‘நிக்கல்’. பொட்டு நிக்கல்கூட கிடையாது. மெஷின்கள் சமர்த்தா வாங்கிக்கிச்சு.

1 சென்ட் காசுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செம்பை மிச்சம் பிடிக்க 1943-ல் துத்தநாகம் பூசின எஃகுல அடிச்சாங்க. காந்தத்துல ஒட்டும் இல்லையா? மெஷின்கள் போலினு பிடிச்சு வெச்சுக்கிச்சு. போதாக்குறைக்கு, பளபளனு வெள்ளையா இருந்ததால 10 சென்ட்டுனு மக்களும் குழம்பினாங்க. மறு வருஷமே செம்புக்குத் திரும்பிட்டாங்க.

போர் முடிஞ்சு 1946-ல் வுர்லிட்சர் விட்ட ‘1015’ மாடல் 56,000-க்கும் மேல வித்தது. சினிமாவுல பார்க்கிற, குமிழ் ஓடுற வளைவு ஜூக்பாக்ஸ் அதேதான். நியூயார்க்ல பின்பால் தடை நீங்க மட்டும் 1976 ஆச்சு.

அந்த வெள்ளி நிக்கலை அடையாளம் காண்றது ஈஸி. பின்பக்கம் இருக்கிற மாளிகையோட குவிமாடத்துக்கு மேல பெரிய எழுத்து ஒண்ணு இருக்கும்: பி, டி அல்லது எஸ். பின்னாடி தனியாப் பிரிச்சு எடுக்கணும்னே அப்படி அடிச்சாங்க. இப்போ அதுல இருக்கிற வெள்ளியோட விலை 5 சென்ட்டைவிட பல மடங்கு. யாரும் எந்த மெஷின்லயும் போட மாட்டாங்க.