ஆப் காட்டுவது 24 டிகிரி, கணவாயில் ஆலங்கட்டி: ஹெமிஸ் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

லேயில் 24 டிகிரி, வெயில் என்று போன் காட்டுகிறது. நீங்களும் டி-ஷர்ட்டோடு கிளம்பிடுறீங்க. மதியத்துக்குள் கணவாயில் ஆலங்கட்டி அடிக்கிறது. ஆப் பொய் சொல்லவில்லை. அது சொன்னது லே நகரத்தின் வானிலை. நீங்கள் நிற்பதோ அதைவிட ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில்.

லடாக்கில் உள்ள ஹெமிஸ் தேசியப் பூங்கா 1981-ல் உருவாக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 4,400 சதுர கி.மீ. இந்தியாவின் மிகப்பெரிய தேசியப் பூங்கா இதுதான். குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைத் தேடி ரும்பாக் கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் தனி ரகம். இங்கே பேசுவது ஜூன் முதல் செப்டம்பருக்குள் லீவ் போட்டு மார்க்கா பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்களைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்கு

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்க்கா பாதையில் வரும் கோங்மாரு லா கணவாய் ஏறக்குறைய 5,200 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும். காற்று வறண்டிருந்தால் இன்னும் கூடுதலாகக் குறையும். ஆக, லேயில் 24 என்றால் கணவாயில் 13-தான். அதுவும் பகல் உச்சியில். விடியற்காலையில் ஏறினால் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். காற்று வேறு அடித்தால் உடம்புக்கு அதைவிடக் குளிராகத் தெரியும்.

மெல்லிய, வறண்ட காற்று வெப்பத்தைப் பிடித்து வைக்காது. ஒரு மேகம் சூரியனை மறைத்தால் போதும், அடுத்த நிமிடமே ஜாக்கெட்டைத் தேடுவீர்கள். முதல் தடவை போனபோது லே வெயிலைப் பார்த்து, கம்பளித் தொப்பியை அறையிலேயே விட்டுட்டுப் போனேன். இரண்டாவது இரவில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

பாலைவனம்தானே, மழை எங்கே வரப்போகுது?

லேயில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 100 மி.மீ.தான். சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகம் கொட்டிய நாள்கள் உண்டு. ஆனால் 2010 ஆகஸ்ட் 5-6 இரவை நினைத்துப் பாருங்கள். லேயைத் தாக்கிய மேகவெடிப்பு வெள்ளத்திலும் சேற்றிலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று லேயிலிருந்த வானிலை நிலையம் பதிவு செய்த மழை வெறும் 12.8 மி.மீ. எங்கே கொட்டியதோ அங்கே மழைமானி இல்லை.

இந்த ஒரு எண் உங்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. மலையில் மழை சில கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்குக்கூடத் தெரியாமல் பெய்யும். செடிகொடி இல்லாத மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, அப்படியே சேறாக இறக்கிவிடும். அதனால் உங்கள் தலைக்கு மேல் நீல வானம் இருந்தாலும், காய்ந்த ஓடைப்படுகையில் கூடாரம் போடாதீர்கள். மணல் மெத்தென்று இருக்கும்தான், ஆசையா இருக்கும்தான். வேண்டாம். ஓடையில் தண்ணீர் திடீரெனக் கலங்கி ஏறினால், பையை எடுக்க ஓடாமல் பக்கத்து மேட்டில் ஏறிவிடுங்கள்.

மழையே இல்லாத நாளிலும் ஆறு ஏறும். பகலில் பனி உருகுவதால் பிற்பகலில் தண்ணீர் கூடும். கடக்க வேண்டிய ஆற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

பையில் என்ன?

ஒரே தடிமனான ஜாக்கெட்டை நம்பாதீர்கள், அடுக்கடுக்காகப் போடுங்கள். வியர்வையை உறிஞ்சி வைக்காத உள்சட்டை, மேலே கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஷெல். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. ஒரு ஜோடி சாக்ஸைத் தூங்குவதற்கென்றே உலர்வாக வைத்திருங்கள். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்று புற ஊதாக் கதிர் கூடுவதால், குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனையும் கூலிங் கிளாஸையும் விடாதீர்கள். இரவில் போனும் பவர்பேங்கும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு தூங்கட்டும், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

காலண்டரில் என்ன?

என் கணக்கில் ஜாக்கெட்டைவிட முக்கியம் இதுதான். விமானத்தில் இறங்கியதும் லேயில் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வு. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி அளவுதான். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் கீழே இறங்குவதுதான் சிகிச்சை. மோசமான வானிலை அந்த வழியையே அடைத்துவிடலாம். டயமாக்ஸ் பற்றி ஊரிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

கடைசியில் இரண்டு நாளாவது சும்மா விடுங்கள். 2024 ஜூலை இறுதியில் லேயில் வெப்பம் கூடியதாலேயே விமானங்கள் ரத்தாயின. மெல்லிய காற்று சூடானால் இன்னும் மெலிந்து, விமானம் மேலெழும்பச் சிரமப்படும். திங்கட்கிழமை காலை மீட்டிங் இருக்கிறதே என்ற நெருக்கடியில்தான் பலர் மேகம் கவிழ்ந்த கணவாயில் ஏறத் துணிகிறார்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். பள்ளத்தாக்குக்குள் அதுவும் பெரும்பாலும் கிடைக்காது. வெளிநாட்டு நண்பரின் சாட்டிலைட் போனை வாங்கிப் போகவும் நினைக்காதீர்கள், அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். கிளம்பும் முன் வானிலைத் துறையின் லே மையம் தரும் முன்னறிவிப்பைப் பாருங்கள். உள்ளே போனபின், தினமும் இரவு சாப்பிடும்போது ஹோம்ஸ்டே வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: நாளைக்கு எத்தனை மணிக்குள் கணவாயைத் தாண்டணும்? அவர் போக வேண்டாம் என்றால், அன்றைக்குப் போகாதீர்கள்.