டான்காஸ்டர் பெல்ஸ்: சீட்டு விற்ற பெண்களின் கழகம்

இங்கிலாந்தின் தென் யார்க்சயரில், நிலக்கரிச் சுரங்கங்களாலும் ரயில் எஞ்சின் தொழிற்சாலையாலும் வளர்ந்த டான்காஸ்டர் நகரில், 1969ஆம் ஆண்டு ஒரு மகளிர் கால்பந்துக் கழகம் தோன்றியது. டான்காஸ்டர் ரோவர்ஸ் என்னும் ஆண்கள் அணியின் பெல் வியூ மைதானத்தில் ‘கோல்டன் கோல்’ சீட்டுகளை, அதாவது முதல் கோல் விழும் நேரத்தை வைத்துப் பரிசு வழங்கும் சீட்டுகளை, பார்வையாளர்களிடம் விற்றுவந்த பெண்களே அதைத் தொடங்கினர். தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921 டிசம்பரில் விதித்த தடை அப்போதும் நடப்பில் இருந்ததால், சீட்டு விற்கலாம் என்றிருந்த அதே மைதானத்தில் இறங்கி ஆட விதி அவர்களுக்கு இடம் தரவில்லை. அத்தடையை 1970இல்தான் சங்கம் கைவிட்டது.

தடை விலகியதே தவிரப் பணம் வரவில்லை. 1983 முதல் 1994 வரை மகளிர் எஃப்.ஏ. கோப்பையை, தோற்ற அணி உடனே வெளியேறும் அந்த நாடளாவிய போட்டியை, பெல்ஸ் ஆறு முறை வென்றது. 1991-92இல் தேசிய லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே பட்டத்தையும் கைப்பற்றியது. ஆயினும் ஆட்டம் அவர்களுக்குப் பிழைப்பாகவில்லை. பதின்மூன்று வயதில் இக்கழகத்தில் சேர்ந்து, இங்கிலாந்துக்குத் தலைமையேற்று, நாட்டுக்காக 119 ஆட்டங்கள் ஆடி, அவ்வகையில் நூறைத் தொட்ட முதல் ஆங்கிலேயப் பெண்ணான ஜில்லியன் கூல்டார்டும் தொழிற்சாலை வேலையை நம்பியே வாழ்ந்தார்.

2011இல் எட்டுக் கழகங்களுடன் மகளிர் சூப்பர் லீக் உருவானபோது பெல்ஸும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. ஆனால் அந்த லீக்கில் இடம் என்பது உரிமத்தைப் பொறுத்தது. நிதி, மைதானம், நிர்வாகம் ஆகியவற்றை எடைபோட்டுச் சங்கமே அதை வழங்கியது. பருவ முடிவில் கடைசியில் நிற்கும் அணியைக் கீழடுக்குக்கு இறக்குவதே கால்பந்தில் நெடுங்கால வழக்கம்; 2013 ஏப்ரலிலோ, பருவத்தின் ஒரே ஓர் ஆட்டத்தை பெல்ஸ் ஆடியிருந்த நிலையில், அடுத்த ஆண்டு அது இரண்டாம் அடுக்கில் ஆடும் என்றும் மான்செஸ்டர் சிட்டி முதல் அடுக்குக்கு வரும் என்றும் சங்கம் அறிவித்தது. செல்வமிக்க ஆண்கள் கழகத்தின் பின்புலம் கோப்பைகளைவிடக் கனமானது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்லியிருக்க முடியாது.

பின்னர் முதல் அடுக்குக்கு மீண்டு, மறுபடியும் இறங்கிய பெல்ஸ், 2017-18 பருவத்தில் இரண்டாம் அடுக்கின் பட்டத்தை வென்றது. அந்தக் கோடையிலேயே லீக்குகள் புதிய உரிம விதிகளின்படி மாற்றியமைக்கப்பட்டன. செலவைத் தாங்க இயலாத கழகம் தன் இடத்தைத் துறந்து, நடப்பு வாகையராகவே நான்காம் அடுக்கில் அடுத்த பருவத்தைத் தொடங்கியது.